தப்பைச் சொல்லாத ஊர்

நான் கணக்கு சொல்லிக்கொடுக்கும் இங்கிலாந்துப் பள்ளியில் சிவப்பு மை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு பச்சைப் பேனாவைக் கையில் கொடுத்தார்கள். பிள்ளை எவ்வளவு தப்பாகப் போட்டிருந்தாலும் முதலில் இரண்டு நல்ல வார்த்தை எழுத வேண்டும்; அதற்குப் பிறகுதான் ஒரு யோசனை. ‘டூ ஸ்டார்ஸ் அண்ட் எ விஷ்’ என்று இதற்குப் பெயர். விடையே எழுதாத தாளில், "தலைப்பை அழகாக அடிக்கோடிட்டிருக்கிறாய்" என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போது சிரிப்பும் வரவில்லை, எரிச்சலும் வரவில்லை. இங்கே வந்ததிலிருந்து எதுவும் உள்ளே இறங்குவதில்லை.

தூத்துக்குடியில், திரேஸ்புரத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நான் இருந்தபோது வழக்கம் வேறு. தப்புப் போட்டவளைப் பலகைக்குக் கூப்பிடுவேன். அவள் எழுத எழுத வகுப்பே சிரித்துக் கத்தும்: "ஏளா, மைனஸ முழுங்கிட்ட!" அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி போடுவாள். ஒருத்தியின் தப்பில் எல்லாரும் படித்துக்கொள்வார்கள். சிரிக்காத பிள்ளைகளும் இருந்திருக்கலாம். வகுப்பே சிரிக்கும்போது அது கண்ணில் படாது.

அதே பழக்கத்தில்தான் இங்கேயும் ஒரு பெண்ணைப் பலகைக்குக் கூப்பிட்டேன். எங்கள் கணக்குத் துறைத் தலைவி ஹெலன், என் வகுப்பைப் பார்வையிடப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "எங்கே தப்பு?" என்று வகுப்பைக் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்ணின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் ஹெலன் சிரித்த முகத்தோடு வந்து, "ரொம்ப சுவாரசியமாக இருந்தது. பலகைக்குக் கூப்பிடுவதைப் பற்றி நீங்கள் இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம்" என்றார். நானும் யோசித்தேன். அவருக்குப் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, அடுத்த வாரத்திலிருந்து இன்னும் நிறையப் பேரைக் கூப்பிட்டேன்.

பருவ முடிவில், வேலையை நிரந்தரமாக்காமல் என் புரொபேஷனை இன்னொரு பருவத்துக்கு நீட்டித்துவிட்டார்கள். அதற்குள்ளும் சரியாகவில்லையென்றால் வேலை போகும், வேலையோடு விசாவும் போகும். "நான்தான் முன்பே சொல்லியிருந்தேனே" என்றார் ஹெலன், உண்மையான வருத்தத்தோடு. எப்போது சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். இங்கே கை தோளைத் தடவிவிட்டுப் போய்விடுகிறது, குட்டு விழுந்ததே தெரிவதில்லை.

ஊரில் என்னோடு வேலை பார்த்த சகாயமேரி டீச்சரிடம், ஹெலன் பாராட்டியதையும் பிறகு நடந்ததையும் போனில் சொன்னேன். அவள் கணவர் கப்பல்காரர்.

"ஏளா, அது பாராட்டா? அது ஏச்சுளா!" என்றாள். "எங்க வீட்டுக்காரவுக கப்பல்ல சேந்த புதுசுல, வெள்ளைக்கார ஆபீசர் ‘அந்தக் கயித்த ஒரு தடவ பாக்கலாமே’ன்னுருக்காரு. இவுக போயி நல்லா பாத்துட்டு வந்துட்டாவ. அவுத்துக் கட்டுன்னு அர்த்தமாம்!"

அவள் சிரித்தாள். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை.

அதன்பின் யாரையும் பலகைக்குக் கூப்பிடவில்லை. தாள்களில் கண்ட தப்பை நானே பலகையில் போட்டு, "இது நான் போட்டது, எங்கே வழுக்கினேன்?" என்று கேட்டேன். பிள்ளைகள் போட்டி போட்டுக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கழுத்து சிவந்த பெண்ணும் கை தூக்கினாள். மறுபடி பார்வையிட வந்த ஹெலன், "நாட் பேட் அட் ஆல்" என்றார்.

"அப்படியென்றால் வேலை உண்டா, இல்லையா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் முகம் சிவந்து, "உண்டு, உண்டு" என்றார். வீட்டுக்கு வந்து சோறு வடித்துச் சாப்பிட்டேன். சந்தோஷம் வருமென்று காத்திருந்தேன்.

ஆகஸ்டில், இங்கிலாந்துப் பள்ளியின் கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது, சகாயமேரி என்னைப் பழைய வகுப்புக்குக் கூட்டிப்போய், "ஒரு கணக்கு நடத்துளா" என்றாள். இன்பன்டா என்றொரு பிள்ளை தானாகவே எழுந்து வந்து பலகையில் கணக்கைப் போட்டாள். மூன்றாவது வரியில் மைனஸ் இல்லை. வகுப்பு இன்னும் கவனிக்கவில்லை. விருந்தாளி டீச்சர் என்ன சொல்வாள் என்று என் வாயையே பார்த்திருந்தது.

"ரொம்ப அழகா எழுதிருக்க" என்றேன். "மூணாவது வரிய மட்டும் இன்னும் கொஞ்சம் யோசிக்கலாமோன்னு தோணுது."

"தேங்க்ஸ் டீச்சர்" என்று முகமெல்லாம் சிரிப்பாகப் போய் உட்கார்ந்தாள். வகுப்பு கைதட்டியது. வாசலில் நின்ற சகாயமேரி, என்னைத் தெரியாதவள்போலப் பார்த்தாள். தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த ஊர்க்காரியாகச் சொல்வது என்று தெரியவில்லை. அதற்குள் பிள்ளைகள் குனிந்து அந்தக் கணக்கை அப்படியே எழுதிக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள்.