எங்கள் வீட்டு மயக்க மருந்து டொக்டர்

"என்ன, இன்னும் சரிவரேல்லையோ?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் உட்துறைமுக வீதியில் இல்லை. சலூன்காரர் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு கேட்பார். கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவரும் நானா தராசைத் தூக்கிப் பிடித்தபடி கேட்பார். கோயிலில் ஐயர் திருநீற்றோடு சேர்த்துக் கேட்பார். எல்லோரும் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்ட மனத்தோடு கேட்டால் திருப்பி நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம்.

சரிவராமல் கிடந்தது என் மனைவியின் வைத்தியப் பதிவு. அவள் தமிழ்நாட்டுக்காரி. அங்கே மயக்க மருந்து நிபுணராக இருந்தவள். வெட்டுவதற்கு முன்னால் ஆளைத் தூங்க வைத்து, வெட்டி முடியும்வரை மூச்சைக் காத்து, பிறகு பத்திரமாக எழுப்பிவிடுகிற வேலை. கப்பல் படிப்புக்குச் சென்னைக்குப் போன இடத்தில் அவளைக் கண்டேன். இரண்டு வீட்டாரையும் சம்மதிக்க வைத்துக் கலியாணம் கட்டி, திருகோணமலைக்குக் கூட்டிவந்தேன். "எங்கட ஊரிலை உன்னை மாதிரி ஆக்களுக்குத் தவம் கிடக்கினம், வந்த அடுத்த மாசமே வேலை" என்று வாக்குக் கொடுத்ததும் நான்தான். அன்றைக்கே என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

கொழும்பில் வைத்தியர்களைப் பதிகிற கந்தோர் முதலில் கேட்டது, அவள் படித்தது உண்மை என்று கல்லூரியே நேராக எழுதி அனுப்ப வேண்டும் என்பது. நாங்கள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் செல்லாது. கல்லூரியில் இருந்த எழுத்தரோ, ஆள் நேரில் வந்தால்தான் தருவேன் என்றார். பஸ் ஏறிப் போகிற தூரமா, விமானம் ஏறிப் போனாள். நேரில் போனவளுக்குக் கையில் கொடுத்து அனுப்பினார். கையில் கொடுத்தது செல்லாது. அதை ஒருவாறு நேராக்கி அனுப்பவைத்தபோது, அவள் வேலை செய்த காலத்தில் ஒழுங்காக இருந்தாள் என்று அங்கத்தைய மருத்துவக் கவுன்சில் கொடுத்த சான்று காலாவதியாகிவிட்டது. அதற்குச் சில மாதம்தான் உயிர். புதிதாக எடுத்தோம். அது வந்தபோது கொழும்பில் எங்கள் பதிவுக் கோப்பைப் பார்க்கிற அம்மா பிரசவ லீவில் போய்விட்டார். நல்லபடியாகப் பிள்ளை பெறட்டும், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் கோப்பையும் அவர் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

இதற்கிடையில் பரீட்சை. இங்கே பிறந்து வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சின்னப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து எழுதினாள். முதல் முறையே சித்தியடைந்தாள். நோயாளியோடு கதைக்கச் சிங்களம் வேண்டும் என்று சொல்லும்முன்னமே ஆசிரியை வைத்துப் படிக்கத் தொடங்கிவிட்டாள். குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டு "எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது" என்று சிங்களத்தில் தனக்குத்தானே சொல்லுவாள். எங்கள் தமிழும் வேறு படிக்க வேண்டியிருந்தது. வாந்தி இங்கே சத்தி, சளி இங்கே தடிமன், முடியாது என்றால் ஏலாது. "ஓம்" என்று சொல்லப் பழகியபோது எனக்குச் சந்தோஷம், அவளுக்குச் சிரிப்பு.

பழகிய தொழில் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. கலியாண வீட்டில் எல்லோரும் மணப்பெண்ணின் சேலையைப் பார்த்தால், இவள் மாமாமாரின் கழுத்தைப் பார்ப்பாள். "அவருக்குக் கழுத்து குட்டை, தாடை உள்ளே போயிருக்கு. குழாய் போடறது ரொம்பக் கஷ்டம்" என்று என் காதுக்குள் சொல்லுவாள். நான் வடையை விழுங்க ஏலாமல் இருப்பேன்.

ஆனால் ஒருவரையும் தொடமாட்டாள். பதிவில்லாதவர் நோயாளியைத் தொட்டார் என்று ஒரு முறைப்பாடு போனால் கோப்பை ஒரேயடியாக மூடிவிடுவார்கள் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒழுங்கையில் ஆரேனும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தால், "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்பதோடு நின்றுவிடுவாள். "இந்தியாக்காரிக்குப் பெருமை" என்று பின்னால் கதைத்தார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

என் தொழிலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான். வெளியில் வந்து நிற்கிற கப்பலில் ஏறி, கப்டனுக்குப் பக்கத்தில் நின்று, துறைமுகத்துக்குள் கொண்டுவந்து விடுவது என் வேலை. உலகம் முழுக்கச் சுற்றிய கப்டன்மார்கூட என்னை ஏற்றாமல் உள்ளே வரக்கூடாது. அது சரி. இங்கே எங்கே கல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் நான் ஏறியவுடன் "ஐயா, நீர் கப்பல் ஓட்டப் படித்தவர்தானா, உம்முடைய வாத்தியாரை எழுதி அனுப்பச் சொல்லும்" என்று கேட்டு ஆளை நடுக்கடலில் நிற்பாட்டி வைப்பதில்லை. பக்கத்தில் நிற்கிறேன், அவர் ஓட்டுகிறார், வேலை நடக்கிறது. இதை நான் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து ஒருவரிடம் விளக்கமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் தவறான பிரிவுக்கு எடுத்திருக்கிறீங்கள்" என்றார்.

கடைசியில் கொழும்புக்காரரும் அதே மாதிரி ஒன்றைத்தான் சொன்னார்கள். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கும் மயக்க மருந்து நிபுணரின் மேற்பார்வையில் கொஞ்சக் காலம் வேலை செய்ய வேண்டும், அவர் சரி என்றால் பதிவு. எங்களுக்குப் பெரிய ஆறுதல். அவரும் நல்ல மனிதர். அவள் புதுச் சப்பாத்துக்கூட வாங்கிவிட்டாள்.

எங்களைவிடச் சந்தோஷப்பட்டது அக்கா. எனக்கு மூத்தவர், பக்கத்து வளவில் இருக்கிறார். பிடிவாதத்துக்குப் பிறந்தவர். பித்தப்பையில் கல் என்று சொல்லி வெட்டுவதற்கு நாள் கொடுத்திருந்தார்கள். அக்கா போகவில்லை.

"வெட்டுறதுக்கு எனக்குப் பயமில்லையடா. மயக்கினாப்பிறகு எழும்பாமல் போனால்? எங்கட வீட்டிலை ஒருத்தி இருக்கேக்கை, முன்னப்பின்னத் தெரியாத ஆளிட்டை நான் ஏன் மூச்சைக் குடுக்கோணும்? அவளுக்குச் சரிவரட்டும், நான் படுக்கிறன்."

"அலை ஓய்ஞ்சு தலை முழுகிற கதையாப் போகும் அக்கா" என்று நான் கத்தினேன்.

"என்ரை தலை, என்ரை அலை" என்றார் அக்கா.

என் மனைவி கெஞ்சினாள். "அக்கா, யார் போட்டாலும் ஒரே மருந்துதான். கல்லு எனக்காகக் காத்திருக்காது, சொன்னாக் கேளுங்க." அக்கா அவள் தலையைத் தடவி, "நான் காத்திருப்பன் பிள்ளை" என்றார். வலி வந்தால் சுருண்டு படுப்பார், போனதும் எழும்பிப் புட்டு அவிப்பார். அதன்பிறகு கொழும்பிலிருந்து தாமதம் என்று ஒரு செய்தி வந்தால், நான் மனைவியின் முகத்தைப் பார்ப்பதில்லை, அக்காவின் கண்ணைத்தான் பார்ப்பேன், மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று.

அந்த நேரம்தான் எங்கள் நிபுணர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி தொதல், பயணம் சொல்ல வருகிறவர்கள் கொண்டுவருகிற இனிப்பு. தொதலைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போகிறாராம்.

"அங்கையும் என்னைச் சும்மா விடமாட்டினம்" என்றார் வெட்கப்பட்டுக்கொண்டு. "ஒரு சின்ன ஊரிலை, இன்னொராள் மேற்பார்வை செய்ய, கொஞ்சக் காலம் நான் அடக்கமா இருக்கோணும். நான் படிச்சது உண்மையோ எண்டு இஞ்சத்தைய கந்தோர் நேராக எழுதோணுமாம். அது இன்னும் போகேல்லை."

என் மனைவி சிரிக்கத் தொடங்கி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப இவவை ஆர் மேற்பார்வை செய்யிறது?" என்று கேட்டேன்.

"என்ரை இடத்துக்குப் புது நிபுணர் வந்தாப்பிறகு அவர்தான்."

"புது நிபுணர் எப்ப வருவார்?"

அவர் தொதல் பெட்டியைப் பார்த்தார். "ஒருத்தரும் விண்ணப்பிக்கேல்லை. உண்மையைச் சொன்னால், நான் உங்கட மனிசியைத்தான் நினைச்சிருந்தனான்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையைச் சின்ன வயதில் கேட்டபோது, அப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்று நினைத்திருக்கிறேன். ஒரு ஊரே அப்படி இருக்கலாம் என்று அப்போது தெரியாது. அவர் போனார். வேறு ஊரிலிருந்து ஒருவர் கிழமையில் சில நாள் வந்து போனார். மேற்பார்வைக்கு வேறு ஊர் தேடி எழுதுங்கள் என்று கொழும்பு சொன்னது. எழுதினோம். புதுச் சப்பாத்து பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

இனிச் சொல்லப்போவதற்கு முன்னால் ஒன்று: அக்கா தப்பிவிட்டார், இன்றைக்கும் பக்கத்து வளவில் இருந்து என்னை ஏசிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அன்று காலை அவர் வாயிலிருந்து ஏச்சு வரவில்லை. நடுக்கக் காய்ச்சல். கண் மஞ்சள். என்னைப் பார்த்து, செத்துப்போன எங்கள் அப்பாவின் பெயரைச் சொன்னார். என் மனைவி அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உடனே கிளம்புங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சை டொக்டர் ஓடிவந்து பார்த்தார். பித்தப்பை சீழ் பிடித்துவிட்டது, இன்றைக்கே வெட்ட வேண்டும். வெட்ட அவர் இருந்தார். தியேட்டர் இருந்தது. தூங்க வைக்கிறவர் வராத நாள். இவ்வளவு மோசமான ஆளை நிபுணர் இல்லாமல் தூங்க வைக்க ஏலாது என்றார். அதுவும் நியாயம்தான். இந்தக் கதையில் எல்லோரும் சொன்னது நியாயம்தான், அதுதான் எனக்குப் பைத்தியம் பிடிக்கக் காரணம். "கண்டிக்கு ஏத்துங்கோ" என்றார். சொல்லிவிட்டு அவர் என் மனைவியை ஒரு கணம் பார்த்தார். அவர் அவளை அறிவார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்புலன்ஸுக்குள் நேர்ஸ் ஒருவரும் உறவினர் ஒருவரும்தான் ஏறலாம் என்றார்கள். உறவினராக அவள் ஏறினாள். நான் சாரதியின் காலில் விழாத குறையாகக் கேட்டு முன் ஆசனத்தில் இருந்தேன்.

கந்தளாய் தாண்டி நல்ல வெயில். பின்னால் அக்கா சத்தி எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. சின்னக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். அக்காவின் முகம் நாவற்பழம் மாதிரிக் கறுத்துக்கொண்டு போனது. நேர்ஸ் பிள்ளை வேலைக்கு வந்து அதிக காலம் இல்லை போலும், உறிஞ்சு குழாயை அக்காவின் வாய்வரை கொண்டுபோய் மறுபடி இழுத்துக்கொண்டது. என் மனைவி அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். "சிஸ்டர், நான் பிடிக்கட்டுமா?"

அந்தப் பிள்ளைக்கும் அவள் ஆரென்று தெரியும். ஆஸ்பத்திரியில் தெரியாதவர்கள் இல்லை. குழாயை அவள் கையில் கொடுத்தது.

அக்காவின் தலையைச் சரித்தாள். வாயை உறிஞ்சித் துப்புரவாக்கினாள். இரண்டு கை விரல்களையும் தாடைக்குப் பின்னால் கொடுத்து முன்னுக்கு இழுத்தாள். முகமூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மற்றக் கையால் அதோடு இருந்த காற்றுப் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தாள். பதற்றமே இல்லை. "இழுங்கக்கா. அவ்வளவுதான். இன்னொண்ணு. பயப்படாதீங்க, நான்தான் இருக்கேன்." வாகனம் குலுங்கிய குலுக்கலில் நான் இரண்டு முறை தலையை அடித்துக்கொண்டேன், அவள் கை அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அக்காவின் உதடு சிவந்தது. கலியாணம் கட்டி இவ்வளவு காலமாகியும், என் மனைவி என்ன வேலை தெரிந்தவள் என்று அன்றைக்குத்தான் நான் கண்ணால் கண்டேன். நான் அழுதேன். சாரதி என்னைப் பார்க்காமல் ஓட்டினார்.

கண்டி வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை. வாசலில் வாகனம் நிற்கும்போது அந்த நேர்ஸ் பிள்ளை முகமூடியில் தன் கையை வைத்து, என் மனைவியிடம் "விடுங்கோ அக்கா. நான் எண்டு சொல்லுறன்" என்றது. அவள் விட்டாள்.

உள்ளே இருந்து வந்த டொக்டர், இளம் ஆள், அக்காவைப் பார்த்தார், ஒக்சிசன் அளவைப் பார்த்தார், கேட்டார். சிங்களத்தில்தான் கேட்டார், எனக்கு நன்றாக விளங்கியது. இவ்வளவு தூரம் இந்த மூச்சைப் பிடித்துவைத்திருந்தது ஆர்?

"நான்தான் சேர்" என்றது அந்தப் பிள்ளை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"நல்ல கை. எங்களுடைய ஆட்களில்கூட ஒரு சிலர்தான் இப்படிப் பிடிப்பார்கள்" என்றார் அவர். பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஆர்?"

அவள் தேங்காய் துருவித் துருவிப் படித்த சிங்களம். ஆஸ்பத்திரிக்குள் ஒரு டொக்டரோடு முதன்முதலாக அதில் கதைத்தாள், பிழையில்லாமல்.

"இவருடைய தம்பியின் மனைவி."

"அப்படியென்றால் வெளியில் நில்லுங்கள்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அக்கா கிடந்த தள்ளுவண்டிலை உள்ளே கொண்டு போனார்கள். கதவு மூடியது. அவள் வந்து வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். விரல்கள் விறைத்து வளைந்தபடியே இருந்தன, நிமிர்த்த ஏலவில்லை. நான் எழும்பினேன். அந்தக் கதவைத் தட்டித் திறந்து, அவள் ஆரென்று மூன்று மொழியிலும் கத்த வேண்டும் போல் இருந்தது. வாயையும் திறந்துவிட்டேன்.

அவள் அந்த வளைந்த விரல்களால் என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள்.

"சத்தம் போடாதீங்க" என்றாள். "கொழும்புல ஃபைல் இருக்கு."