கரும்புள்ளிக்காரர்கள் மட்டும் உட்கார்ந்து பேசுவார்கள்

கம்பவுண்டர் வேலையில் காய்ச்சல்காரன் குணமானதும் நம்மை மறந்துவிடுவான், தேள் கொட்டியவன் மறுநாளே மறந்துவிடுவான். பருத் தழும்பு கறுத்துப்போனவன் மட்டும்தான் மாதக்கணக்கில் வந்துகொண்டிருப்பான். முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிய அனுபவம் உள்ள வாசகர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நம்மைப் போன்ற கறுத்த தோலில் பரு போனாலும் அதன் கறை போகாது. கிள்ளினால் ஆழமாகும், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். மலைமேல் ஜமுனாமரத்தூர் மருந்தகத்தின் பின்னறையில் நான் தனியாகக் குடியிருந்த வருஷங்களில், என்னோடு உட்கார்ந்து பேசியவர்கள் இந்தக் கரும்புள்ளிக்காரர்கள்தான்.

விளம்பரம்

வாலிபத்துப் பருக்கள் விட்டுப்போன குழிகளும் கறைகளும் என் முகத்திலும் உண்டு. எனக்குக் கல்யாணம் ஆகாததற்குக் காரணம் அந்த முகமா, என் குணமா என்று இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. முகத்தின்மேல் பழியைப் போடுவது சுலபமாக இருந்தது.

சடையன் என்று ஒரு வாலிபன், சாமைக் கொல்லையில் ஏர் ஓட்டுகிறவன், காலில் தைத்த முள்ளை எடுக்க வந்தான். கன்னம் இரண்டிலும் பரு. பழுத்தது பாதி, கறுத்தது பாதி. நானாகவே கந்தகக் களிம்பு டப்பாவை எடுத்து நீட்டினேன். அவன் டப்பாவைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான்.

“மொதல்ல உங்க மூஞ்சில பூசிக் காட்டுங்க கம்பண்டரய்யா. அது நல்லாயிடுச்சின்னா நானு வர்றேன்.”

கடுக்காய் வைத்தியம்

என் முகம் நல்லாகவில்லை. ஆனாலும் அவன் வந்தான். ஒரு சந்தை நாளில், துண்டால் தலையோடு முகத்தையும் மூடிக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே ஓடி வந்தான். துண்டை விலக்கினால் கன்னம் முழுக்க மசி பூசியதுபோல் கறுப்பு. காட்டில் பொறுக்கிய கடுக்காயை இரும்புச் சட்டியில் இடித்து, தண்ணீர் விட்டு ஊறவைத்து, பருவுக்குப் பூசியிருக்கிறான். என் பள்ளிக்கூட நாட்களில் கடுக்காயும் இரும்பும் சேர்த்துத்தான் மை காய்ச்சுவோம். அதே மையை அவன் தன் முகத்துக்குக் காய்ச்சியிருந்தான்.

“தேய்க்காதே, தானாகப் போகும்” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். தோல் பதனிடும் தொட்டிகளுக்குக் கடுக்காய் வாங்க வாணியம்பாடியிலிருந்து வரும் ரஹீம் பாய் அப்போது என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சொன்னார்:

“நாங்களே செத்த தோலுக்குத்தான் கடுக்காய் போடுவோம் தம்பி! உசுரோட இருக்கறவன் மூஞ்சிக்கு எவனாவது போடுவானா?”

எண்ணெய்

மை போனதும் அடியிலிருந்த புள்ளிகளுக்கு நான் மருந்து தொடங்கினேன். ஒரு நாள் சடையன் தன் அக்கா பொன்னியையும் கூட்டி வந்தான். அவள் நெற்றியில் கடுகு கடுகாகப் பொரிந்திருந்தது. தலையில் வைத்த விளக்கெண்ணெய் புருவம் வரை வழிந்து மினுமினுத்தது. காரணம் கண்டுபிடித்த சந்தோஷத்தில், “கொஞ்ச நாளைக்குத் தலைக்கு எண்ணெயே வைக்காதே” என்றேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். எண்ணெய் வைத்ததும் நெற்றியைத் துணியால் துடைத்துவிட்டால் போதும் என்பது எனக்கு அதற்கப்புறம்தான் தோன்றியது. அதற்குள் அவள் சத்தம் சந்தை வரை கேட்டிருக்கும்.

“தல காஞ்சி கெடந்தா, வூட்ல எவன் செத்தான்னு கேப்பாங்கய்யா. எம் புருசன் உசுரோட கீறாரு!”

சந்தைச் சரக்கு

அதற்குப் பிறகு சந்தை நாள் தவறாமல் சடையன் வந்தான். களிம்பு பூச அரை நிமிஷம். பேச்சு ஒரு மணி நேரம். கொல்லையில் காட்டுப்பன்றி புகுந்தது, புளிய மரத்துக்காகப் பங்காளிச் சண்டை வந்தது என்று எல்லாம் சொல்வான். நான் காலையிலேயே இரண்டு டம்ளரையும் கழுவி வைப்பேன். அவன் வரப் பிந்தினால் வாசலுக்கும் அறைக்குமாக நடப்பேன். ஐம்பதைக் கடந்தவன் செய்கிற காரியமா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். நடையை மட்டும் நிறுத்த மாட்டேன்.

ஒரு தடவை, முகம் சிவப்பாகும் என்று சந்தையில் யாரோ அவன் தலையில் கட்டிய ஸ்னோ புட்டியைக் காட்டினான். கறை போனால் அவனுடைய சொந்த நிறம் வரும், அதற்குமேல் எந்த மருந்தாலும் ஆகாது என்றேன். வருத்தப்படுவான் என்று நினைத்தேன்.

“செவந்து இன்னா பண்ணப் போறேன்? ஏர் ஓட்டறப்ப மாடுதான் என்னப் பாக்குது. புள்ளி போனா போதுங்க.”

தாடையில் ஒன்று

புள்ளிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. வெயிலில் துண்டு போட்டுக்கொண்டான், கிள்ளுவதை விட்டான். கன்னம் தெளியத் தெளிய, மிச்சமிருக்கும் புள்ளிகளை நான் எண்ணத் தொடங்கினேன். வைத்தியம் பலித்தால் வருத்தப்படுகிறவன் என்ன வைத்தியன்?

கடைசியில் தாடையோரம் சாமை அளவில் ஒன்றுதான் மிச்சம். “இதுக்கு இன்னும் மருந்து வேணுங்களா?” என்று கேட்டான். அவன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். வேணும் என்று சொன்னால் நம்புவான். அறுவடை வரை வருவான். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. “வேண்டாம். அது தானாகப் போய்விடும்” என்றேன். அதைச் சொன்னது நேர்மையா, மாட்டிக்கொள்வோம் என்ற பயமா, தெரியவில்லை. அவன் நின்றுகொண்டே டீயைக் குடித்துவிட்டு, படியிறங்கித் திரும்பிப் பார்த்து, என் நன்மைக்காகவே சொல்வதுபோல் சொன்னான்:

“அப்ப இனிமே சந்தையிலேர்ந்து நேரா வூட்டுக்குப் போய்டலாம். வாரா வாரம் உங்களத் தொந்தரவு பண்ண வேணாம் பாருங்க!”

இத்தனை வருஷம் களிம்பு குழைத்து நான் கண்டது, நம் தோலில் கறை போகத்தான் மாதங்கள் ஆகும், ஆள் போக ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம் போதும்.