இராக்கம்மாவின் கட்டைவிரல்

நான் கூட்டிச் சொல்கிற ஆள். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். "தோட்டத்தில் சிறுத்தை பார்த்தேன்" என்று நான் சொன்னால், என் மனைவி லரீபா "பூனைதானே?" என்று கேட்பாள். பண்டாரவளையில் என்னைத் தெரிந்த எல்லோரும் என் கதைகளை நாலால் வகுத்துத்தான் எடுத்துக்கொள்வார்கள். வேலையை விட்ட பிறகு எனக்கு மிஞ்சிய ஒரே சந்தோஷம் அதுதான்.

ஆனால் இதை வகுக்காதீர்கள். இது நடந்தது. வல்லாஹி, அல்லாஹ் மேல் ஆணை, நடந்தது. மழையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

1979, நவம்பர். அப்போது நான் தாளை நகல் எடுக்கிற கொப்பி மெஷின் பழுது பார்க்கிறவன். இப்போதைய தூள் மை மெஷின் இல்லை, ஈர மெஷின். மை தண்ணீர் மாதிரி இருக்கும். மண்ணெண்ணெய் மணக்கும். அது ஒரு ரோலர் மேல் படியும், ரோலர் தாளைத் தொட்டுக்கொண்டு போகும், மின்சாரம் ஏறிய இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டும். விஷயமெல்லாம் அந்தப் படலத்தில்தான். வெங்காயத்தோலை விட மெல்லிசாக, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே அளவாகப் படிய வேண்டும். கூடினால் எழுத்து வழியும். குறைந்தால் எழுத்து வெளிறும். ஊவா மாகாணத்திலேயே அதைச் சரியாக விரிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சரி... இரண்டு பேர்.

பதுளை பஸார் வீதியில் கடை வைத்திருந்த ஜுனைதீன் நானாவுக்கு (எங்களில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) அப்படியொரு மெஷின் விற்றுக் கொடுத்திருந்தேன். அன்று காலை பஸ் கொண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: "உடனே வா. உசிர் போற விஷயம்."

மெஷின் வைத்திருக்கிற எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

பதுளையில் மழை. மழை என்றால், பதுளு ஓயா ஆறே கடைக்குள் ஏறி வந்து "ஒரு கொப்பி எவ்வளவு?" என்று கேட்கிற மழை. நான் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் நாலு மணி. ஆனால் தெருவில் விளக்குப் போட்டுவிட்டார்கள். எதிர்க்கடை தெரியாத மூட்டம்.

ஜுனைதீன் நானா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஊரையே கலாய்க்கிற மனுஷன். அன்று முகத்தில் இரத்தமே இல்லை.

"ஸரூக், நான் பெரிய பாவமொண்டு செஞ்சீக்கிறேன்."

"ஒண்டு மட்டுமா நானா?"

அவர் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த ஒரு விண்ணப்பத்தாளை என் பக்கம் தள்ளினார். பூனாகலைத் தோட்டத்து இராக்கம்மா என்கிற விதவையுடைய தாள். அடியில் ஊதா மையில் ஒரு கட்டைவிரல் ரேகை. ரேகைக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. எப்போதோ தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி வெட்டின தழும்பு.

அந்த வருஷங்களில் தோட்டத்துச் சனம் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். இராக்கம்மாவின் ஒரே மகள் பாக்கியலெட்சுமி, புருஷனோடு முந்தின கப்பலில் போய்விட்டாள். அம்மா அடுத்த கப்பலில் வர வேண்டும். அதற்குத்தான் இந்தத் தாளின் கொப்பி கண்டியில் இருக்கிற இந்தியத் தூதரக அலுவலகத்துக்குப் போனது.

"எங்கட மெஷினுக்கு ஊதாக் கலர் தெரியாதுதானே," என்றார் நானா. "ரேகை ஈந்த இடம் வெள்ளையா வந்திச்சு. அதுக்காகத் திரும்பக் கூப்புட்டா அந்த மனுஷி ரெண்டு பஸ் மாறி வரோணும். பாவம் எண்டு நெனச்சு... என்ட விரல டோனர் மையில தோய்ச்சு கொப்பில வெச்சிட்டேன்."

"நானா!"

"எல்லாருக்கும் கட்டைவிரல்தானே எண்டு நெனச்சேன்."

"இப்பிடி எத்தின பேருக்கு?"

"கேக்காத."

கண்டியில் அவளுடைய பழைய விண்ணப்பக் கோவையோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ரேகை வேறு. கொப்பி திரும்பி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சரியானது போய்ச் சேராவிட்டால் கப்பல் பட்டியலிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். அன்று புதன்கிழமை. இராக்கம்மாவோ காய்ச்சலில் தோட்டத்து லயத்து வீட்டில் படுத்துக் கிடக்கிறாள். நானா போய்ப் பார்த்திருக்கிறார். பாயில் கிடந்தபடியே கேட்டாளாம்: "மொதலாளி, நான் எம்மக கிட்டப் போயிருவேன்ல?"

"என்னா சொன்னீங்க?"

"போயிருவ எண்டு சொன்னேன்." நானா தாளில் இருந்த ஊதா ரேகையைத் தடவினார். "நான்தான் கெடுத்தேன் எண்டு சொல்ல ஏலாமப் போச்சு."

அவருடைய திட்டம் நல்ல திட்டம்தான். இப்போது சுத்தமான கொப்பி ஒன்று எடுப்பது. காலையில் முதல் பஸ்ஸில் பூனாகலைக்குக் கொண்டுபோய் அவள் விரலையே அழுத்தி வாங்கி, அங்கிருந்தே தபாலில் போடுவது. ஆனால் மெஷின் மக்கர் பண்ணியது. பேர் இருக்கிற இடமெல்லாம் கறுப்புக் கோடு.

இதில் என் பங்கும் இருந்தது. மெஷினை விற்றபோது ஊதாவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. விற்கிறவன் திறப்பானா?

மூடியைக் கழற்றினேன். ரோலரைத் துடைத்தேன். அடியில் கட்டிப்பட்ட மையைக் கலக்கினேன். மிச்ச மையை வழிக்கிற பிளேட்டைத் தீட்டினேன். ரோலருக்கும் பிளேட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தாளை விட்டு, அது பிடித்தும் பிடிக்காமலும் வழுகுகிற அளவுக்கு இடைவெளி வைத்தேன். சுவிட்ச் போட்டேன்.

சர்ர்... சர்ர்... சர்ர்...

படலம் விரிந்தது. அழகு! கறுப்புப் பட்டு மாதிரி, ஒரு சுருக்கம் இல்லை.

ஒரே ஓர் இடத்தைத் தவிர.

ரோலரின் வலது முனைப் பக்கம், முட்டை வடிவத்தில் ஒரு வெற்றிடம். கட்டைவிரல் அளவு. மை அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

"நானா, ரோலரத் தொட்டீங்களா?"

"நான் இங்கதானே ஈக்கிறேன்."

தோல் எண்ணெய் பட்டால் மை ஒட்டாது. அப்படித்தான் இருக்கும். நிறுத்தி ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். ஓடவிட்டேன்.

அதே இடம். அதே அளவு.

மறுபடியும் துடைத்தேன். இந்த முறை என் விரலுக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது. ரோலர் முழுக்கச் சில்லென்று இருந்தது. அந்த இடம் மட்டும் சூடு. காய்ச்சல்காரர் நெற்றி மாதிரிச் சூடு.

அப்புறம்தான் மணம். கடை முழுக்க மண்ணெண்ணெய் மணந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவில்... பச்சைத் தேயிலைக் கொழுந்து. அப்போதுதான் கூடையிலிருந்து கொட்டின மாதிரி.

"நானா, மணக்குதா?"

நானா கண்ணை மூடிக்கொண்டு குர்ஆன் வசனம் ஓதிக்கொண்டிருந்தார்.

ஐந்தே கால். கரண்ட் போனது.

கடை இருட்டானது. தெரு இருட்டானது. மழைச் சத்தம் மட்டும். நான் டோர்ச்சைத் தேடினேன்.

அப்போது...

சர்ர்...

என் கை நின்றது.

சர்ர்... சர்ர்...

"ஸரூக், நிப்பாட்டு அத."

"கரண்டே இல்லையே நானா."

டோர்ச்சை அடித்தேன். ரோலர் சுழன்றுகொண்டிருந்தது. மெதுவாக. யாரோ கையால் உருட்டுகிற மாதிரி.

அந்த வெற்றிடத்தில் கோடுகள்.

மெல்லிய கோடுகள். வளைந்து வளைந்து.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு கூடியது.

நடுவில் குறுக்காக ஒரு வெட்டு.

சர்ர்... டக்.

தாள் வெளியே வந்தது.

எங்கள் இரண்டு பேரில் ஒருவரும் தாளை உள்ளே வைக்கவில்லை.

என் தலைமயிர் நின்ற நிற்பில் தொப்பி கூரையைத் தொட்டது. இதை வேண்டுமானால் வகுத்துக்கொள்ளுங்கள். தாளைப் பற்றிச் சொல்வதை வகுக்காதீர்கள். பேர், விலாசம், எல்லாம் அச்சடித்த மாதிரிச் சுத்தம். அடியில், ஊதா தெரியாத என் மெஷினில், கறுகறுவென்று ஒரு கட்டைவிரல் ரேகை. குறுக்கே தழும்பு.

டோர்ச் வெளிச்சத்தில் அசலோடு வைத்துப் பார்த்தோம். ஒரு கோடு பிசகவில்லை.

நானா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அழுகிறாரா, சிரிக்கிறாரா தெரியவில்லை.

"அல்லாஹ் என்ன மன்னிச்சிட்டான், ஸரூக்! ராத்திரி மெயில் ரயில் இன்னம் போகல்ல. ஓடு!"

எனக்கு அது மன்னிப்பு மாதிரித் தெரியவில்லை. ஆனாலும் ஓடினேன். இரண்டு பேரும் நனைந்த கோழிகளாக ஸ்டேஷனுக்குப் போனோம். மெயிலின் தபால் பெட்டிக்குள் அந்த உறையைப் போட்டது என் கை. போடும்போது உறை சூடாக இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் நானா பூனாகலைக்குப் போனார், எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க. நானும் போனேன். லயத்து வாசலில் இழவுத் தப்பு மேளச் சத்தம்.

பக்கத்துக் காம்பரா அறையில் இருக்கிற கந்தப்பன் எழுந்து வந்தார்.

"நேத்து அஞ்சே கால் போல, வெளக்கு வைக்கிற நேரம் உசுரு போயிருச்சுங்க, மொதலாளி. கடைசி வரைக்கும் பேச்சில்லங்க. ஆனா வெரல மட்டும் பாயில வச்சு அழுத்திக்கிட்டே இருந்துச்சு. இப்புடி... இப்புடி..."

அவர் தன் கட்டைவிரலை உள்ளங்கையில் அழுத்திக் காட்டினார்.

இராக்கம்மாவைத் தேயிலைக்கு மேலே, கருப்பந்தேயிலை மரங்கள் நிற்கிற சரிவில் புதைத்தார்கள். ஜுனைதீன் நானா ஒரு பிடி மண் போட்டார். நானும் போட்டேன். குழி மூடும்வரை நின்றோம். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மூடும்வரை நின்றோம்.

"மகளுக்கு நீங்களே எழுதிப் போட்டுருங்க மொதலாளி. வெலாசம் ஒங்க கிட்டத்தான இருக்கு," என்றார் கந்தப்பன்.

நானா தலையாட்டினார். எழுதவில்லை. ஒவ்வொரு வாரமும் பேனாவை எடுப்பார். "மகளே, உன் உம்மாவ நான்தான்..." அதற்குமேல் ஓடாது. கண்டிக்கும் எழுதவில்லை. அந்தத் தாளைத் திருப்பி அனுப்புங்கள் என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் நெஞ்சில் துணிவில்லை. செத்தவள் பேரில் யார் கப்பல் ஏறப் போகிறார்கள்?

ஒன்றரை வருஷம் போயிற்று. நானா பாதியாக இளைத்துவிட்டார். கடைசியில் நாகூருக்குப் போகிறேன் என்று கிளம்பினார். அங்கிருந்து நீலகிரிக்குப் போய், கோத்தகிரிப் பக்கம் பாக்கியலெட்சுமி இருக்கிற தோட்டத்தில் அவள் முன்னால் நின்று நேரில் சொல்லிவிடுவது என்று முடிவு.

திரும்பி வந்த அன்று கடைக்கு என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஒரு சொல் கூட்டவில்லை.

பாக்கியலெட்சுமி ஓடி வந்து வரவேற்றிருக்கிறாள். "மொதலாளி! வாங்க, வாங்க! நீங்க மட்டும் காயிதத்த சரியா அனுப்பாட்டி எங்கம்மா அங்கயே கெடந்து செத்துருக்கும்!"

"உம்மா வந்திட்டாவா?" என்று கேட்டாராம் நானா.

"போன வருசம் தை மாசங்க. ராமேஸ்வரத்துல நானே போயித்தான் கூட்டியாந்தேன். அம்மா... யாரு வந்துருக்காங்க பாரு!"

உள்ளேயிருந்து இராக்கம்மா வந்தாளாம்.

அதே முகம். அதே சேலை. தேத்தண்ணீர்க் கோப்பையை நீட்டினாள். பேசவில்லை. வெறுமனே பார்த்தாள்.

பிறகு உள்ளே போனாள். முகத்தை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டே... பின்பக்கமாக நடந்து.

மகள் சிரித்தாளாம். "வந்ததுலேருந்து இப்புடித்தாங்க. முதுகக் காட்டவே மாட்டேங்குது. குளிக்கையில முதுகு தேச்சு விடுறேன்னாலும் செவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கும். வயசாயிருச்சுல்ல."

கோப்பையை அப்படியே கீழே வைத்துவிட்டு, நானா பஸ் ஸ்டாண்டு வரை ஓடியிருக்கிறார்.

இதைச் சொல்லிவிட்டு மெஷினின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஸரூக்... அண்டைக்கு விழுந்த கொப்பி, தாளில ஒரு பக்கம் மட்டும்தானே?"