ஓடாத ஆட்டோ

சென்னையில் ஓர் அனிமேஷன் கம்பெனி எனக்கு வேலை தருவதாக இருந்தது. நானே செய்த ஒரு சின்னப் படத்தைத் திங்கட்கிழமைக்குள் சிடியில் போட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். மழையில் ஓர் ஆட்டோ கடற்கரைச் சாலையில் ஓடும், அதுவே முழுக்கதை. எல்லாம் தயார். கணினி அதை ஒவ்வொரு ஃபிரேமாக வரைந்து முடிப்பதுதான் பாக்கி. என்னிடம் இருந்ததோ இருப்பதிலேயே மலிவான மதர்போர்டு, அதற்கேற்ற பிராசஸர். நாள் முழுக்க முக்கி முனகி இரண்டு நொடிப் படத்தைத் தரும். பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும்.

பிராசஸரை மட்டும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். கடைக்கு அப்பாவும் வந்தார். அவருக்குத் தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வேலை. புது பேட்டரி வாங்கினால் பழையதைக் கடையில் கொடுத்துவிட வேண்டும், மிக்ஸியானாலும் அப்படித்தான் என்பது அவர் கட்சி.

“பழச வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? எக்ஸ்சேஞ்சுல குடுத்துடு” என்றார்.

கடைக்காரர் வேண்டாம் என்றபோதும் அப்பா விடவில்லை. பேசிப் பேசி அவர் தலையில் கட்டிவிட்டுத்தான் படியிறங்கினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ராகு காலம் முடியும்வரை அம்மா கணினிப் பெட்டியைத் தொடவிடவில்லை. முடிந்ததும் புது பிராசஸரை மாட்டினேன். ஃபேன் சுற்றியது, திரை இருட்டாகவே இருந்தது. ராம் மெமரியைக் கழற்றித் துடைத்தேன், போர்டின் பேட்டரிச் செல்லைக் கழற்றி மாட்டினேன். ஃபேன் மட்டும் வெட்கமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் பெட்டியோடு கடைக்குப் போனோம்.

“போர்டுக்குள்ள இருக்கற பயாஸ் புரோகிராம் பழசு தம்பி. இந்த பிராசஸர் அதுக்குத் தெரியாது. அப்டேட் பண்ணாத்தான் ஓடும்” என்றார் கடைக்காரர்.

“பண்ணுங்க” என்றேன்.

“அதுக்கு மொதல்ல போர்டு ஓடணுமே. பழைய பிராசஸரப் போட்டாத்தான் ஓடும்.”

“அத எடுங்க” என்றார் அப்பா.

அது அன்று காலைதான் மற்ற பழைய சாமான்களோடு சென்னைக்குப் போயிருந்தது.

வேறு கடைகளில் அந்த ரகம் இல்லை. ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஒரு பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். நாள் கணக்கில் ஒரு கணினியை உனக்கு விட்டுவிட்டு நான் என்ன செய்வது என்று கேட்டார் அதை நடத்தியவர். நியாயம்தான், ஆனாலும் அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது.

திங்கட்கிழமை போனது. வேறு ஆளை எடுத்தாயிற்று என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. வீட்டில் சொல்லவில்லை. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். மனசு விட்டுப் போயிருந்தது.

அந்த வாரமெல்லாம் அப்பா வேலை முடிந்து தாமதமாகவே வந்தார். சனிக்கிழமை, கிரீஸ் கையோடு ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு பழைய பிராசஸர்.

“எத்தினி கடை ஏறி எறங்கனேன் தெரியுமா? இதுதானான்னு பாரு. அடியில கொஞ்சம் ஊசிங்க வளைஞ்சி கெடந்திச்சி, பட்டறையில நிமித்திட்டேன்.”

அது அந்த ரகமே அல்ல. என் போர்டில் உட்காரவே உட்காராது. ஊசிகள் மட்டும் ஒன்றுகூடப் பிசகாமல் நேராக நின்றன. கத்தத்தான் வாயெடுத்தேன்.

“இதேதான்ப்பா” என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. கைகூடக் கழுவாமல் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கணினிக்கு எதிரே உட்கார்ந்தார்.

“அப்ப மாட்டு. அந்த ஆட்டோ ஓடறதப் பாக்கலாம்.”