மூன்றாம் மாதம் இல்லாத ஆட்டம்

பள்ளியில் அவருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் ‘வட்டி டீச்சர்’. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

வணிகவியல் பாடத்தைப் புத்தகத்தை வைத்து நடத்தினால் பின் பெஞ்சு கொட்டாவி விடும் என்பதால், பதினோரு வருஷத்துக்கு முன் அவரே ஓர் ஆட்டத்தை உண்டாக்கினார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வேலை, காகிதத்தில் சம்பளம், வாடகை, பஸ் செலவு. மேசைமேல் சிவப்புச் சீட்டு ஒன்று கிடக்கும்: உடனடிக் கடன். எடுத்தவர்கள் முதல் மாதம் புது ஷூ வாங்குவார்கள். இரண்டாம் மாதம் ஊர் சுற்றுவார்கள். மூன்றாம் மாதம் வட்டி வந்து சம்பளம் மொத்தத்தையும் வழித்துக்கொண்டு போகும். சிலர் அழுதேவிடுவார்கள். டீச்சர் முன்கூட்டி எச்சரிக்கவே மாட்டார். இங்கே அழுதால் காகிதம்தானே போகும் என்பது அவர் கட்சி.

கம்ப்யூட்டர் டீச்சர் அவரைவிட எட்டு வயது சின்னவள். இருவருக்கும் ஒரே மேசை, ஒரே டிபன். அவள் குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம், அவளுடைய வகுப்புகளையும் சேர்த்து எடுத்தவர் இவர்தான்.

“அக்கா, இதை போன்ல ஆடுற மாதிரி பண்ணிடலாம்க்கா. எல்லா ஸ்கூலுக்கும் போகும்” என்றாள் அவள் ஒருநாள்.

எல்லா ஸ்கூலுக்கும் என்ற சொல்லிலேயே டீச்சர் விழுந்துவிட்டார். பதினோரு வருஷத் திருத்தங்கள் அடங்கிய நான்கு நோட்டுகளைத் தூக்கிக் கொடுத்தார். ஆட்டத்தின் முகப்பில் போட, பல் தெரியச் சிரித்து போட்டோவும் எடுத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு நம்பினார் பாவம்.

ஆட்டம் வெளிவந்ததும் பள்ளி முழுக்க அதே பேச்சு. மறுநாள் டீச்சரும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து தன் போனில் ஆடினார். வேண்டுமென்றே சிவப்புச் சீட்டை எடுத்தார். முதல் மாதம் ஷூ. இரண்டாம் மாதம் ஊர். அதோடு திரையில் காசு மழை கொட்டியது. ‘வாழ்த்துகள், நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்!’ கீழே ஒரு பட்டன்: ‘நிஜமாகவே கடன் பெற இங்கே அழுத்தவும்.’ பக்கத்தில் ஏதோ கடன் கம்பெனியின் முத்திரை. மேலே அவருடைய சிரிப்பு.

எதிரே கம்ப்யூட்டர் டீச்சர் டிபனைத் திறந்துகொண்டிருந்தாள்.

“மூணாவது மாசம் எங்கடி?”

“ஸ்பான்சர் வேணாம்னுட்டாங்கக்கா. தோத்தா பிள்ளைங்க ஆட மாட்டாங்களாம்.”

“எவ்வளவுக்கு வித்த?”

அவள் டிபன் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். “வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்துச்சுக்கா. உங்களுக்கும் ஒரு பங்கு எடுத்து வெச்சிருக்கேன். சத்தியமா.”

டீச்சர் போனைக் கவிழ்த்து வைத்தார். கூடவே உட்கார்ந்து, ஒரே டிபனில் சாப்பிட்டுக்கொண்டே குழி பறித்திருக்கிறாள். அதுவும் வாய் கூசாமல் பங்கு பேசுகிறாள். மணி அடித்ததும் எழுந்து வகுப்புக்குப் போனார்.

“அந்த ஆட்டத்தை எல்லாரும் போன்லேர்ந்து எடுத்துடுங்க. அது நம்ம ஆட்டம் இல்ல. கீழ இருக்கிற பட்டனை யாரும் தொடக் கூடாது.”

முதல் பெஞ்சுப் பெண் மெல்ல எழுந்தாள். சரியான விடையைக்கூட இரண்டு தரம் சரிபார்க்கிற பிள்ளை அவள்.

“டீச்சர், நான் நேத்தே எங்கம்மா போன்ல அழுத்திட்டேன். பணமும் வந்துடுச்சு. தம்பிக்கு சைக்கிள் வாங்கிட்டோம்.”

“யாரையும் ஒரு வார்த்தை கேக்க மாட்டியாம்மா?”

“அம்மா பயந்தாங்க டீச்சர். நான்தான் உங்க போட்டோவைக் காட்டினேன். டீச்சரே சொல்றாங்களே, அப்புறம் என்னன்னு அவங்களே அழுத்தச் சொல்லிட்டாங்க.”