சந்தனம் பூசிய கண்ணாடி

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் ஒரு படம் வரும். கோட்டும் தலைப்பாகையுமாக எங்கள் கொள்ளுத்தாத்தா. கீழே பெரியப்பாவின் பிள்ளை எழுதியிருப்பான்: 'விஞ்ஞானம் நம் ரத்தத்திலேயே ஓடுகிறது.' உடனே வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழும். கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவுக்குப் போகும் வழியில் நெரிசலில் நிற்கும் ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கொள்ளுத்தாத்தாமேல் எனக்குக் கோபமில்லை. அவர் இந்த ஊர்க் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவர். ராஜா காலத்திலேயே கப்பலேறிச் சீமைக்குப் போய்ப் படித்தார். திரும்பி வந்தவரைப் பிராயச்சித்தம் செய்தால்தான் பந்தியில் உட்கார விடுவோம் என்றார்கள் சொந்தக்காரர்கள். செய்தார். பிறகு கடற்கரைக் கரிமணலைக் கொண்டுவந்து எரித்து, அந்தச் சுடரின் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து, மணலுக்குள் என்னென்ன தனிமங்கள் ஒளிந்திருக்கின்றன என்று ஆராய்ந்தார். ஒவ்வொரு தனிமமும் எரியும்போது தனக்கென்று சில நிறக்கோடுகளைக் காட்டுமாம். கல்லூரியில் ஓர் இருட்டறை கேட்டார். திருத்தச் சொல்லிக் கட்டுக் கட்டாக விடைத்தாள்களைக் கொடுத்தார்கள். அதனால் வீட்டுச் சாமான் அறையின் ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்துக்கொண்டு அங்கேயே வேலை செய்தார். அந்த அறையில் எழுதிய கட்டுரைகள் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்தன. அப்போது இதே குடும்பம் அவரைப் பைத்தியம் என்றுதான் சொன்னது.

அவர் வேலைக்கெல்லாம் உயிர்நாடி, சீமையிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன உலோகத் தகடு. கண்ணாடி போலப் பளபளக்கும். வைர முனையால், கண்ணுக்கே தெரியாத கோடுகளை ஆயிரக்கணக்கில் நெருக்கமாக அதன்மேல் கீறியிருப்பார்கள். அந்தக் கோடுகள்தான் வெளிச்சத்தைப் பிரிக்கும். கிரேட்டிங் என்பது அதன் பெயர். எங்கள் வீட்டில் வெறும் 'கண்ணாடி'. யாரும் அதைத் தொடக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். விரல் பட்டால் கோடுகள் கெட்டுவிடும் என்பதுதான் காரணம். அவர் போன பிறகு காரணமும் கூடவே போய்விட்டது. 'தொடக் கூடாது' மட்டும் மிஞ்சியது. கோட்டைக்குள் இருக்கிற எங்கள் அக்ரஹாரத்தில் அது என்னவாக மாறும் என்று கேட்கவா வேண்டும்? பெண்கள் தொடக் கூடாது என்று ஆகிவிட்டது. ஆண்கள் குளித்து மடி உடுத்திக்கொண்டு தாராளமாகத் தொடலாம்.

தொட்டார்கள். பூஜைவைப்பு நாளில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மேல் கண்ணாடியை வைத்து, நட்டநடுவில் பெரியப்பா சந்தனம் அப்பிக் குங்குமம் இடுவார். விஜயதசமி காலையில் ஈரத் துண்டால் அழுத்தித் துடைத்துப் பெட்டியில் வைப்பார். அவருக்கு முன்னால் தாத்தா செய்ததும் அதுதான். குரங்கு கைப் பூமாலை என்பார்கள். குரங்குகூடக் கும்பிட்டுவிட்டுப் பிய்க்காது.

அந்த வீட்டில் அது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் என் அம்மா. நாகர்கோவில் பெண், இந்த ஊரில்தான் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. படித்தாள். கல்யாணமான புதிதில், சந்தனத்தைப் பெட்டிமேல் வைக்கலாமே என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். நேற்று வந்தவள் பூஜை முறையை மாற்றுகிறாளா என்று கேட்டார்களாம். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது ஒரு மத்தியானம், மற்றவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில், அம்மா என்னைப் பூஜையறைக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியைத் திறந்தாள். விளிம்பை மட்டும் விரல்நுனியால் பிடித்து, ஜன்னல் வெயிலில் தகட்டைச் சாய்த்தாள். சுவரில் சிவப்பிலிருந்து ஊதாவரை அத்தனை நிறமும் விழுந்தது. தகடு முழுக்க மங்கிக் கிடந்தது. கீழ் மூலையில் கட்டைவிரல் அகலம் மட்டும் பிழைத்திருந்தது. நிறங்களெல்லாம் அந்த மூலையிலிருந்துதான் வந்தன.

"இந்த மூலையாவது மிச்சமிருக்கே" என்று அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு ஆராய்ச்சி செய்ய ஆசை. அவளுக்குப் பாடமெடுத்த பேராசிரியர் தன்னிடம் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார். பெரியப்பா சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. மூச்சு விடுவதற்குக்கூட அண்ணாவின் முகத்தைப் பார்க்கிறவர் என் அப்பா. பூஜை முடியட்டும், பேசுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

பூஜை முடிந்த மறுநாள் அந்த மலையாளிப் பேராசிரியரே வீட்டுக்கு வந்தார். யூனிவர்சிட்டியில் பழைய கருவிகளைக் காட்சிக்கு வைக்கப்போகிறார்களாம். கொள்ளுத்தாத்தாவின் கிரேட்டிங் வேண்டுமாம். பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியைத் தட்டில் வைத்து, பூ வைத்து, எடுத்துவந்து நீட்டினார். பேராசிரியர் திறந்து பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பினார். அவர் முகம் விழுந்துவிட்டது.

"ஐயோ, இது முழுக்கப் போயல்லோ, சாரே. ஆரு துடைச்சது?"

பெரியப்பா கொஞ்சமும் கூசவில்லை. "ஆத்துப் பொம்மனாட்டிகள் பண்ற காரியமாக்கும் சார். சொன்னாக் கேக்க மாட்டா" என்று, காபித் தம்ளரோடு நின்ற அம்மாவைப் பார்த்தார். பெண்கள் தொடவே கூடாது என்று சட்டம் போட்ட வாய் அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். அவர் நெற்றியிலும் சந்தனம், தகட்டிலும் சந்தனக் கறை.

"பொய்! பெரியப்பாதான் தொடச்சார்! வருஷா வருஷம் அவர்தான்!" என்று கத்தினேன்.

அம்மாவின் கை என் தோளில் விழுந்தது. நகம் பதிய அழுத்தினாள். "நீ சும்மா இருடி" என்றவள் பேராசிரியரைப் பார்த்து, "நான்தான் சார். தெரியாம ஈரத்துணியால தொடச்சுட்டேன்" என்றாள்.

பேராசிரியர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அவரிடம் படித்தவளுக்கு அது தெரியாது என்று அவர் எப்படி நம்புவார்? பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்தார். வாசலில் செருப்பு போடும்போது, "அப்ளிகேஷன் இந்த ஆழ்ச்சயே தரணும், கேட்டோ" என்று அம்மாவிடம் மட்டும் ஒரு வாரக் கெடு சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அம்மாமேல்தான் ஆத்திரம் வந்தது. உண்மையைச் சொன்ன எனக்கு நகக்கீறல், பொய் சொன்ன பெரியப்பாவுக்கு மரியாதை! வெளியாளுக்கு முன்னால் அவர் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தால், சாயங்காலம் மனமிரங்கிச் சரியென்று சொல்வார் என்று அவள் கணக்குப் போட்டது எனக்கெங்கே தெரியும்?

சாயங்காலம் அப்பா தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தார். பெரியப்பா செய்தித்தாளிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஒரு கண்ணாடியைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாதவ, யூனிவர்சிட்டில போய் என்ன கிழிக்கப்போறா?"

அப்பா அதற்கும் தலையாட்டினார். பெரியப்பாவையாவது திட்டித் தீர்க்கலாம். அந்தத் தலையாட்டலை என்ன செய்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அம்மா அடுக்களையில் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் அவள் காதில் விழுந்திருக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் பூஜைவைப்பு வந்தது. யூனிவர்சிட்டியே வேண்டாமென்று விட்டுப்போன சாமான், இனி யார் தொட்டால் என்ன என்று பெரியப்பா அந்த வேலையை அம்மா தலையில் கட்டிவிட்டார். அம்மா குளித்துவிட்டு வந்து, நிறையச் சந்தனம் அரைத்தாள். பெட்டியைத் திறந்தாள். முதல் சந்தனத்தை அந்தக் கீழ் மூலையில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, திரும்பத் திரும்பத் தேய்த்தாள். பிறகு தகடு முழுக்கப் பூசினாள்.

"இப்பத்தான் நம்மாத்து மாட்டுப்பொண்ணா லட்சணமா இருக்கா" என்று பெரியப்பா மெச்சினார்.

அம்மாவுக்கும் கடைசியில் பக்தி வந்துவிட்டது என்று நினைத்து, நானும் அவள் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டேன்.