பூனைப் பெட்டியின் பூட்டு

மணியைக் கழற்றிவிட்ட ஓர் அலாரம் மணிக்கூடு. அதன் டிக் டிக் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மணி அடிக்காத அலாரம் ஒரு வீட்டுக்கு எதற்கு? அதுதான் முதலில் என் மனதை உறுத்தியது.

கண்டியில் வாவிக்கு மேலே ஏறுகிற பாதையில் ஓவசியர் ஐயாவின் வீடு இருந்தது. பாதையும் பாலமும் கட்டுகிற இலாகாவில் அவருக்கு வேலை. யாழ்ப்பாணத்துக்காரர். கலவரத்துக்குப் பிறகு மனைவியையும் மகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டார். பிறகு வடக்கே சண்டை வந்து, கடிதம்கூட ஒழுங்காக வருவதில்லை. வீட்டில் அவரும் மகள் விட்டுப்போன பூனையும்தான். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கேயே தங்கி நான் சமைத்தேன். ஞாயிறு காலை பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன், திங்கள் காலை திரும்பிவிடுவேன். எத்தனையோ வீட்டில் சமைத்தவள் நான். என் கையையும் வாயையும் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை.

அது பல் போன கிழப் பூனை. உப்பில்லாமல் அவித்த சூடை மீனைச் சோற்றோடு ஈரமாகப் பிசைந்து வைத்தால்தான் தின்னும். ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். ஐயாவும் அன்று கம்பளைப் பக்கம் பால வேலை பார்க்கப் போனால் மறுநாள்தான் வருவார். காலையில் நான் வைத்துவிட்டுப் போகிற மீன் மத்தியானத்துக்குள் நாறிவிடும். பூனை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். காக்கை வந்து கொத்திக்கொண்டு போகும். ஐயா வரும்போது தட்டு துடைத்ததுபோல் இருக்கும், பூனை பசியில் கத்தும்.

ஒருநாள் அதன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "எலும்பு கையிலை முட்டுது. நான் வாங்கித் தாற மீனெல்லாம் எங்கை போகுது?" என்றார்.

"பூனை வயித்துக்குத்தாங்க ஐயா."

அவர் பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அன்றிலிருந்து தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ தட்ட ஆரம்பித்தார்.

கூட்டப் போனபோது மேசையைப் பார்த்தேன். பிஸ்கட் டின், கம்பி, ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுகிற குழாய், அந்த மணிக்கூடு. பக்கத்தில் பெரிய தாளில் ஒரு பாலத்தின் படம். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் பாலத்தின் படம் தெரியாதா? தாளைத் திருப்பினேன். பின்பக்கம் ஒரு பெட்டி, பெட்டியோடு ஒட்டினாற்போல் மணிக்கூடு, ஆறு மணிக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு. ரேடியோவைத் திறந்தால் குண்டு வெடித்த செய்தி வருகிற நாட்கள் அவை. என் துணிகளை ஒரு பையில் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். ஐயா தேத்தண்ணி குடிக்கும்போதுகூட அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மனம் தாங்காமல் வேலியோரம் போய், பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவிடம் வாயைத் திறந்துவிட்டேன். நோனா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும்.

"நோனா, மணி அடிக்காத அலாரம் எதுக்குங்க?"

"எங்க கண்டது?"

"ஐயா ரூம்புல. பாலம் படமும் இருக்கு."

நோனா சட்டென்று உள்ளே போய்விட்டார். அப்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் ஐயாவே அதைத் தூக்கிவந்து சமையலறையில் வைத்தார். "பூனைக்குச் சாப்பாட்டுப் பெட்டி," என்றார். மரப்பெட்டிக்குள் டின், இரண்டுக்கும் நடுவில் அடைத்த உமி, டின்னுக்கு மேல் தட்டில் ஐஸ். உருகுகிற தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, பெட்டியின் கால்கள் நிற்கிற தட்டை நிரப்பும். எறும்பு ஏறாது. மாலை ஆறு மணிக்கு, பெட்டியின் வெளிப்பக்கம் பொருத்திய அலாரத்தின் சாவி தானாகச் சுற்றி நூலை இழுக்கும், முன்கதவு விழும். மணி அடித்தால் பூனை ஓடிவிடும் என்றுதான் அதைக் கழற்றியிருக்கிறார்.

"அப்ப பாலம் என்னாத்துக்குங்க?"

"அது பழைய பிளான் தாள். ஒரு பக்கம் வெறுமையாக் கிடந்தது, அதிலை கீறினன்," என்று சிரித்தார்.

எனக்கு உயிர் திரும்பியது. பிறகுதான் மேல்மூடியைப் பார்த்தேன். அதில் ஒரு பூட்டு. பூட்டின் சாவி ஐயாவின் சட்டைப் பையில். பூனை பூட்டைத் திறக்குமா? காக்கை திறக்குமா? அந்தப் பூட்டு யாருக்காக என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

மறுநாள் ஞாயிறு காலை ஐயா மீனை வைத்துப் பூட்டிவிட்டுக் கம்பளைக்குப் புறப்பட்டார். நான் சேலை மாற்றிக்கொண்டு வருவதற்குள் வாசலில் ஆமிக்காரர்கள். வேறு எந்த வீட்டுக்கும் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வேலிக்கு அப்பால் நோனா முன்னமே நின்றுகொண்டிருந்தார்.

டிக் டிக் சத்தம் கேட்டதும் எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள். அவர்களில் பெரியவன், ஐயா பெட்டிக்கு மேலே சுவரில் குத்தியிருந்த படத் தாளைப் பிய்த்துத் திருப்பிப் பார்த்து, "பாலம்?" என்றான். "பூசாகே கேம," என்றேன். பூனைச் சாப்பாடு என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில். யாரும் நம்பவில்லை. நம்பாவிட்டால் ஐயா திங்கட்கிழமை வந்து இறங்குகிற இடம் வீடாக இருக்காது. இத்தனையும் என் வாயால் வந்த வினை.

மணிக்கூட்டின் முள்ளைப் பிடித்து ஆறுக்குத் திருப்பினேன். அலாரச் சாவி கிறுகிறுவென்று சுற்றியது. இரண்டு பேர் தரையில் விழுந்தார்கள். கதவு தொப்பென்று திறந்து, மீன் வாசத்தோடு குளிர் வந்து முகத்தில் அடித்தது. பெரியவனுக்கு அப்போதும் சந்தேகம். தட்டைக் காட்டி, "கன்ன," என்றான். தின்னு என்கிறான். பூனைச் சோற்றை அள்ளித் தின்றேன். சோற்றுக்கு அடியில் ஒன்றும் இல்லையென்று தெரியவேண்டுமே, தட்டின் அடி தெரியும்வரை தின்றேன். உப்பில்லாத மீன். தொண்டையில் முள் கீறியது. ஒருவன் சிரித்தான். போய்விட்டார்கள்.

திங்கள் காலை பூனை கத்திக்கொண்டிருந்தது. ஐயா குனிந்து பார்த்தார். "பூட்டு பூட்டினபடி கிடக்குது. மீனைக் காணேல்லை. மணிக்கூட்டு முள்ளைத் திருப்பினது ஆர்?"

"நாந்தாங்க. மீனையும் நாந்தான் தின்னேன்."

தலையை ஆட்டினார். எப்போதோ தெரிந்த விஷயம் இப்போது உறுதியானதுபோல் இருந்தது அந்த முகம். அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல என் ரோஷம் விடவில்லை.

இரண்டு நாள் கழித்து நோனா வேலியோரம் அவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். ஐயா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"மீன் எங்கேன்னுதானே கேட்டீங்க."

பூட்டைக் கழற்றி எடுத்தார். "என்னை மன்னிச்சுக்கொள்," என்றார். அவ்வளவு பெரிய மனிதர் என்னிடம் அப்படிச் சொன்னார். பிறகு, "ஆமிக்கு ஆர் சொல்லியிருப்பினம்?" என்று கேட்டார். அடுப்பை ஊதியபடி, "யாருக்குங்க தெரியும்," என்றேன். கடைசிவரை சந்தியிலிருந்த கடைக்காரர்மேல்தான் அவருக்குச் சந்தேகம். அந்தக் கடைக்கு அவர் பிறகு போகவே இல்லை.

நோனா சொன்னாரா, வேறு யாரும் சொன்னார்களா, எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது அவரும் இல்லை, ஐயாவும் இல்லை. பூனைச் சோறு தின்று ஐயாவைக் காப்பாற்றிய கதையை என் பிள்ளைகள் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்கிறார்கள். நானும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வேலியோரம் நான் பேசியதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.